இடக்கைத் துவக்கு

இரண்டு பொட்டலங்களிலும் ஒரே பூதான் இருக்கிறது என்று என் மகளுக்கு எப்படித் தெரிந்தது?

அவளுக்கு அப்போது நாலரை வயது. பொட்டலங்களை நான் மடித்தபோது அவள் குளியலறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது, தண்ணீர் ஓடும் சத்தமும் அவள் தனக்குத்தானே பாடும் சத்தமும் கேட்டன. ஆகவே அவள் பார்த்திருக்க முடியாது. இதைக் கணவருக்குச் சொல்லியாயிற்று, எனக்கும் பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. பதில் கிடைக்கவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதினால் உங்களில் யாருக்காவது பிடிபடலாம்.

நான் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளைப் பரிசோதிப்பவள். எந்த முடிவையும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பமாட்டேன். வேலையில் அது நல்ல பழக்கம். வீட்டில் அது ஒரு வியாதி. மகள் பிறந்த பிறகு அது முற்றியது. அடுப்பை அணைத்தேனா, பல்கனிக் கதவைப் பூட்டினேனா, பிள்ளை மூச்சுவிடுகிறாளா என்று ஒரு நாளில் எத்தனை தடவை எழும்பிப் போய்ப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் ஹவுகெட்டோ நிலையத்தில் ரயில் ஏறி இருக்கையில் உட்கார்ந்த பிறகு, கதவு மூடும் முன் இறங்கி வீட்டுக்குத் திரும்பி ஓடிய நாட்களும் உண்டு.

என்னோடு வேலை செய்யும் ஒரு நோர்வேஜியப் பெண்தான் ஒருநாள் என்னைத் துப்பாக்கி சுடும் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் பழைய குண்டுப் பதுங்கிடம், இப்போது அதுதான் அவர்களின் பயிற்சிக்கூடம். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஒரு சின்னத் துவக்கைத் தந்தார்கள். பாயில் குப்புறப் படுத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, கறுப்பு வட்டத்தைப் பார்த்தேன். அந்தப் பாதி மூச்சு நின்றிருந்த நேரத்தில் அடுப்பு இல்லை, கதவு இல்லை, பிள்ளைகூட இல்லை. பிள்ளையை மறந்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நாலு வருடத்தில் முதல்தடவையாக என் மண்டைக்குள் சத்தம் நின்றது.

அதன்பிறகு வாராவாரம் போனேன். வேட்டைப் பரீட்சையும் எழுதிச் சித்தியடைந்தேன். நகரத்துக்கு வெளியே ஆடும் கோழியும் வளர்க்கும் ஒரு கமக்காரர், நரி வந்து குட்டிகளைத் தூக்குகிறது, காகமும் பயிரைக் கெடுக்கிறது, நீ வந்து சுடலாம் என்றார். நரிக்கு ஓம் என்றேன். காகத்தைச் சுடமாட்டேன் என்றேன். சனிக்கிழமை விரதத்துக்கு நான் பல்கனியில் சோறு வைத்துக் கூப்பிடுவதும் காகத்தைத்தான் என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? பறவைகள் பாதுகாப்புச் சங்கத்தில் இருக்கிறாயோ என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

கழகத்து இரவல் துவக்கால் நரி சுட முடியாது. ஆகவே சொந்தமாக ஒன்று வேண்டும். இலக்குக்கும் உதவ வேண்டும், நரிக்கும் உதவ வேண்டும். அதற்குத்தான் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அறுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். துவக்கு ஒன்றையும் எடுத்துக் காட்டாமல், "முதலில் இரண்டு கைகளாலும் ஒரு வட்டம் பிடி. அதற்குள்ளால் அந்த மணிக்கூட்டைப் பார்" என்றார். பார்த்தேன். ஒரு கண்ணை மூடு, மற்றதை மூடு என்றார். வலது கண்ணால் பார்த்தபோது வட்டத்துக்குள் வெறும் சுவர்தான் இருந்தது. இடது கண்ணுக்கு மணிக்கூடு இருந்தது.

"நீ இடது பக்கத்துக்காரி. எழுதுவது எந்தக் கையால்?"

"வலது."

அவர் என் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "யாரோ மாற்றியிருக்கிறார்கள்" என்றார்.

மாற்றியது அம்மா. நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் நின்று வேலைசெய்து களைத்து வந்தாலும், என் இடக்கையில் இருக்கும் கரண்டியை எடுத்து வலக்கையில் வைக்க மட்டும் அவர் மறந்ததில்லை. "பீச்சாங்கையாலை சாப்பிட்டால் ஆர் உன்னை மதிப்பினம்?" என்று கேட்பார். அவரைக் குறை சொல்லமாட்டேன். என் மகளும் இடக்கைக்காரிதான். அம்மா வந்து நிற்கிற நாட்களில் நானும் அதே கரண்டியை அதேமாதிரி எடுத்து மாற்றி வைக்கிறேன்.

கடைக்காரர் இரண்டு துவக்குகளை எடுத்து வைத்தார். இரண்டுக்கும் ஒரே அளவு சின்ன ரவை, தோளில் அதிகம் இடிக்காது. இரண்டும் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு போல்ட் என்கிற பூட்டுக்கம்பியைக் கையால் தூக்கி, இழுத்து, மறுபடி தள்ளிப் பூட்ட வேண்டியவை. முதலாவது புத்தம் புதியது. தடித்த குழல், சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கட்டை, கன்னம் வைக்கும் இடத்தைத் திருகி உயர்த்தலாம். போல்ட் வலது பக்கம். இரண்டாவது பழையது. கட்டை வால்நட் மரம், எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்தது. கன்னம் படும் இடத்தில் மட்டும் ஒரு வெளிறிய தடம். போல்ட் இடது பக்கம்.

"இடக்கைத் துவக்கு என் கடைக்கு வருவதே அரிது. செத்த வீடொன்றிலிருந்து வந்தது" என்றார். "இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடு."

அடுத்த சனிக்கிழமை காலை, காட்டோரத்தில் இருக்கும் திறந்த சுடுதிடலுக்கு அவரே இரண்டையும் கொண்டுவந்தார். மூடுபனி. நூறு மீற்றருக்கு அப்பால் இலக்குகள் தெரிந்தன, அதற்குப் பின்னால் இருந்த மரங்கள் தெரியவில்லை. எங்கள் இருவரைத் தவிர ஒருவரும் இல்லை.

புதியதை முதலில் எடுத்தேன். கனம். ஆனால் அந்தக் கனமே அதை ஆடாமல் பிடித்தது. பத்து வெடி வைத்தேன். பத்தும் ஒரு காசுக்குள் அடங்கின. குழல் சூடாகியும் ரவைகள் இடம் மாறவில்லை. இலக்குச் சுடுகிறவர் கேட்பது அதைத்தான். வயல்வரப்பில் இதைச் சுமந்துகொண்டு நடந்தால் என் தோள் என்ன ஆகும் என்பது வேறு கதை.

பிறகு பழையது. பாயில் குப்புறப் படுத்து இடது தோளில் வைத்தேன். கன்னம் தானாகப் போய் அந்த வெளிறிய தடத்தில் உட்கார்ந்தது. கழுத்தை நீட்டவும் இல்லை, தோளைச் சுருக்கவும் இல்லை. ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் எனக்கு இந்த நாட்டில் சமையலறைத் தட்டும் உயரம், ரயிலில் பிடிக்கிற கம்பியும் உயரம். ஒரு சாமான் என் அளவுக்கு வெட்டித் தைத்ததுபோல இருந்தது அன்றைக்குத்தான். முதல் மூன்று ரவையும் ஒரே ஓட்டைக்குள் போயின. நாலாவதும் ஐந்தாவதும் குழல் சூடேறிக் கொஞ்சம் மேலே ஏறின. நரிக்கு ஒரு வெடி போதும். இலக்குக்குப் போதாது.

ஆனால் எனக்கு இலக்கு முக்கியமாகப் படவில்லை. காதில் போட்டிருந்தது மின்சாரக் காதுமூடி. பெரிய சத்தத்தை அது அடக்கும், சின்னச் சத்தத்தைக் கூட்டித் தரும். மூன்றாவது வெடிக்கு முன் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். நான் நிறுத்திய பிறகும் ஒரு மூச்சுக் கேட்டது. வலது பக்கத்தில், காதுக்கு மிகக் கிட்ட. மெதுவாக உள்ளே போய் மெதுவாக வெளியே வந்தது. நான் விசையை அழுத்தினேன். திரும்பிப் பார்த்தபோது கடைக்காரர் பத்தடி பின்னால் தொலைநோக்கியோடு நின்றார்.

"பக்கத்திலை வந்தீங்களா?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். பிறகு நோர்வேஜியனில் கேட்டேன். இல்லை என்றார். "அந்தக் காதுமூடி இலை விழுகிறதையும் சொல்லும்" என்றார். சரிதான். என் உடுப்பு உரசியிருக்கலாம், காற்றாக இருக்கலாம். வீட்டுக்கு வந்து அதே காதுமூடியைப் போட்டுக்கொண்டு மூச்சை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். குளிர்சாதனப்பெட்டியின் உறுமல்தான் கேட்டது.

கணவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்தவர். நான் சுடப் போவதை அவர் தன் நண்பர்களிடம் பெருமையாகவும் என்னிடம் பகிடியாகவும் சொல்லுவார்.

"இஞ்சேரும், புதுசை எடும். அதிலை யோசிக்க என்ன இருக்கு?"

"பழசு எனக்கு அளவாய் இருக்கு."

"செத்த வீட்டுச் சாமான் எண்டு பயப்பிடுறீரோ? நீர் இப்ப சாய்ஞ்சு இருக்கிற கதிரை எங்கையிருந்து வந்தது எண்டு நினைக்கிறீர்?"

"எங்கையிருந்து?"

"கேளாதையும்" என்று சொல்லிச் சிரித்தார். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். இப்போதும் அதில் இருப்பது குறைவு.

எனக்கு இருந்த பயத்தைச் சொல்ல வேண்டும். பொலிஸ் சொன்ன தரத்தில் ஓர் இரும்பு அலுமாரியை வாங்கிப் படுக்கையறைச் சுவரில் பூட்டியிருந்தோம். அதற்கும் என் மகளின் கட்டிலுக்கும் இடையில் ஒரு சுவர்தான். துவக்கு ஒன்று வரப்போவது நிச்சயம். எதை அவளுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன் என்பதுதான் கேள்வி. புதியதற்குப் பின்னால் யாரும் இல்லை. பழையதற்குப் பின்னால் யாரோ இருந்தார்.

கடைக்காரர் நினைவூட்டி ஒரு செய்தி அனுப்பினார். அன்று மாலை அம்மா ஹம்மர்பெஸ்டிலிருந்து போன் எடுத்தார். அம்மாவுக்கு நான் சுடப் போவது தெரியாது. துவக்கு என்ற சொல்லை அவர் சொல்ல நேர்ந்தால் இன்றைக்கும் குரல் தாழ்ந்துவிடும். ஆகவே சுற்றி வளைத்தேன்.

"இரண்டு சாமான், அம்மா. எதை எடுக்கிறது எண்டு தெரியேல்லை."

"காரே?"

"கார் மாதிரித்தான்."

"நீ சட்டை வாங்கப் போனாலே கடை பூட்டும்வரை நிக்கிறவள். பேசாமல் பூக் கட்டிப் பார். வெள்ளிக்கிழமை முழுகிப்போட்டு, சாமிக்கு முன்னாலை வைச்சு, பிள்ளையைக் கொண்டு எடுப்பி. பிள்ளைக்குப் பொய் தெரியாது."

பூக் கட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டில் பெரிய விசயங்களுக்குத்தான். கலியாணம் பேசும்போது, வீடு வாங்கும்போது. ஒரு முடிவுக்குச் சிவப்புப் பூ, மற்றதற்கு வெள்ளைப் பூ. இரண்டையும் ஒரேமாதிரி மடித்து வைத்தால், ஒன்றும் அறியாத பிள்ளை ஒன்றை எடுக்கும். அதுதான் சாமியின் பதில். நோர்வேயில் பிறந்து, பல்கலைக்கழகம் போய், இரத்தத்தில் எதையும் ஊகிக்காமல் எண்ணிச் சொல்கிற நான் அதைச் செய்தேன். அம்மாவுக்காக அல்ல. வேறு யாராவது முடிவெடுத்தால் போதும் என்றிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. சமையலறைச் சாமித்தட்டில் விளக்கேற்றினேன். சிவப்புக்குப் பல்கனித் தொட்டியில் இருந்த ஜெரேனியம், அது புதிய துவக்குக்கு. வெள்ளைக்கு, குறொன்லாண்ட் தெருக் கடைகளில் மரக்கறி வாங்கப் போனபோது வாங்கிவந்த மல்லிகைச் சாடியிலிருந்து ஒரு பூ, அது பழைய துவக்குக்கு. பாண் துண்டுகளுக்கு இடையில் வைக்கிற மெழுகுத்தாளில் சதுரமாக மடித்தேன். எது எதுவென்று எனக்கே தெரியாதபடி கண்ணை மூடி மாற்றி மாற்றி வைத்தேன்.

மகள் வந்தாள். ஒரு கணமும் நிற்கவில்லை. பறித்தாள். வெள்ளை.

ஆனால் இடக்கையால் எடுத்திருந்தாள்.

சாமி காரியத்துக்கு இடக்கை ஆகுமா? எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டால் ஆகாது என்பார். அவளை வெளியே அனுப்பி, மறுபடி மடித்து வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். "வலக்கையாலை எடு, குஞ்சு." அவள் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ விளையாட்டு என்பதுபோல வலக்கையை நீட்டினாள். மறுபடி வெள்ளை.

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஒருமுறை கேட்டுவிட்டால் மறுபடி கேட்பதே சாமியை நம்பாததுபோல என்பார்கள். நான் இரண்டுமுறை கேட்டிருந்தேன். ஆனால் ஆய்வுகூடத்தில் சந்தேகமான முடிவு வந்தால் இயந்திரத்தையே சோதிப்போம், பதில் தெரிந்த மாதிரியை வைத்துப் பார்ப்போம். அந்தப் பழக்கம் என் கையில் இருந்தது. அவளைக் குளிக்க அனுப்பினேன். இரண்டு பொட்டலத்துக்குள்ளும் சிவப்பையே வைத்தேன். எதை எடுத்தாலும் சிவப்பு வரும், அப்போது இதெல்லாம் வெறும் தற்செயல் என்று எனக்கு நிரூபணமாகும் என்று நினைத்தேன்.

ஈரத் தலையோடு வந்தாள். தட்டுக்கு முன்னால் நின்றாள். இந்தமுறை கை நீளவில்லை. முதலாவதைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எடு, குஞ்சு."

"இதுக்குள்ளை அது இல்லை."

"எது?"

அவள் என்னைத்தான் பார்த்தாள். கோபம்கூட இல்லை, ஒரு சின்ன ஏமாற்றம். "நீங்கள் அதை வைக்கேல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கணவர் மணம் என்றார். மல்லிகை மணக்கும், மெழுகுத்தாளை மீறி வரும், பிள்ளைக்கு மூக்குக் கூர்மை. "நீர் சாமிக்குப் பரீட்சை வைச்சீர், பிள்ளை உம்மைப் பெயில் பண்ணிப்போட்டாள்" என்றார். மணம் என்பது நல்ல விளக்கம். முதல் இரண்டு தடவையும் அவள் மணந்து பார்க்கவில்லை என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

அடுத்த நாள் கடைக்குப் போய், பழையதைத் தாருங்கள் என்றேன். கடைக்காரர் உள்ளே போய் அதைக் கொண்டுவந்தார். கூடவே ஒரு தகரப் பெட்டி.

"இதுவும் அதோடு சேர்ந்தது. உனக்கு அளவு மாற்ற வேண்டுமென்றால் உதவும்" என்றார்.

துவக்கைத் திருப்பிக் காட்டினார். தோளில் படும் ரப்பருக்கும் மரக்கட்டைக்கும் இடையில் நாலு மெல்லிய மரத்துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் அரை விரல் தடிப்பு. முழுதும் ஒரே மரம், ஒரே எண்ணெய், ஆகவே முன்பு கவனிக்கவில்லை. ஒரு பிள்ளைக்காக யாரோ மரக்கட்டையைக் குட்டையாக வெட்டி, பிள்ளை வளர வளர ஒவ்வொரு துண்டாகச் சேர்த்திருக்கிறார்கள். பெட்டிக்குள் இன்னும் இரண்டு துண்டுகள் இருந்தன. ஒன்றின் பின்புறத்தில் பென்சிலால் பதினைந்து என்றும், மற்றதில் பதினாறு என்றும் எழுதியிருந்தது. பூட்டியிருந்த நாலையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு.

பூட்டியிருந்த துண்டுகளின் துளைகளில் திருகாணி அரைத்த தடம் இருந்தது, எண்ணெய் கறுத்திருந்தது. பெட்டிக்குள் இருந்த இரண்டிலும் துளையின் விளிம்பு வெட்டிய நாளில் இருந்ததுபோலக் கூர்மையாகவே இருந்தது. அவை ஒருநாளும் பூட்டப்படவில்லை.

"பதினைந்தில் என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? கொண்டுவந்தவர் தூரத்து உறவுக்காரர். வீட்டில் தனியாக இருந்த கிழவர் இறந்துவிட்டாராம்." பிறகு சிரித்தார். "பதினைந்து வயதில் கைப்பந்து விளையாடப் போயிருப்பாள். அந்த வயதில் பெண்பிள்ளைகள் எதையும் விட்டுவிடுவார்கள்."

நானும் சிரித்தேன். பிறகு கேட்டேன். "பெண்பிள்ளை என்று அவர் சொன்னாரா?"

கடைக்காரர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "இல்லை" என்றார். "ஒருவரும் சொல்லவில்லை. இது வந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

எனக்கு அந்த மூச்சு நினைவுக்கு வந்தது. இடக்கைப் பிள்ளைக்குச் சுடப் பழக்குகிற ஒருவர் எங்கே படுத்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். போல்ட் பக்கம் இருக்கமாட்டார். வலது பக்கம், காதுக்குக் கிட்ட. பிள்ளை மூச்சை நிறுத்தும்போது, எப்படி மூச்சுவிடுவது என்று தன் மூச்சால் காட்டிக்கொண்டு.

அன்றைக்கு வாங்கவில்லை. முடிவெடுக்கத் தெரியாத ஒருத்தி செய்வதைச் செய்தேன், இரண்டு துவக்குக்கும் பொலிஸில் அனுமதி கேட்டேன். ஒன்றாவது மறுக்கப்படும், அதோடு பிரச்சினை தீரும் என்று நினைத்தேன். சில மாதங்கள் கழித்து இரண்டும் கிடைத்துவிட்டன. அலுமாரியில் ஒன்றுக்குத்தான் இடம். அதுவும் என் பிழைதான், அளவைப் பார்க்காமல் சின்னதாக வாங்கியது.

இப்போது கடைக்காரர் மாத முடிவுவரை தவணை தந்திருக்கிறார். புதியதை எடுத்தால் இலக்கில் நன்றாகச் சுடுவேன், நரியைத் தேடி நடக்கத் தோள் நோகும், வலது கண்ணுக்குப் பழக வேண்டும். வலதுக்குப் பழகுவது எனக்குப் புதிதல்ல. பழையதை எடுத்தால் என் உடம்பு பிறந்தபடியே சுடும். ஆனால் பதினாலு வயதோடு நின்றுபோன ஒன்றை, ஓர் இடக்கைப் பெண்பிள்ளை வளர்கிற வீட்டுக்குள், அவள் இரண்டுதரம் கேட்டெடுத்தாள் என்பதற்காகக் கொண்டுவருவேன். ஒருவேளை அந்தத் துவக்குக்காரப் பிள்ளை உண்மையிலேயே கைப்பந்து விளையாடத்தான் போயிருப்பாள். இன்றைக்கு எங்கேயோ பிள்ளைகளோடு இருப்பாள். நாளில் பாதி நேரம் அதை நம்புகிறேன்.

எங்கள் வீட்டுக் கதவு நிலையில் மகளின் உயரத்தைப் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் பென்சிலால் கோடு போட்டு வயதை எழுதி வைப்போம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அடுத்த கிழமை அவளுக்கு ஐந்து. பென்சிலை எடுத்து இரண்டுமுறை மேசையில் வைத்துவிட்டேன். "என்ரை வெள்ளைப்பூச் சாமான் எப்ப வரும்?" என்று நேற்றும் கேட்டாள். அது என்ன சாமான் என்று இந்த வீட்டில் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீடுகளிலும் பூக் கட்டிப் பார்த்திருப்பீர்கள். இடக்கையால் எடுத்தது கணக்கா? மூன்றாம் தடவை நான் ஏமாற்றியதால் முதல் இரண்டு பதிலும் அழிந்துவிட்டனவா, அல்லது அவள் எடுக்காமல் விட்டதுதான் பதிலா? துவக்குப் பழக்கம் உள்ளவர்களும் சொல்லுங்கள், எனக்கு வெட்கமில்லை. பழையதைத்தான் எடு என்கிறவர்கள், அந்தத் தகரப் பெட்டியில் இருக்கிற இரண்டு துண்டுகளையும் நான் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பூட்டுவதா, அப்படியே வைத்திருப்பதா? மாதம் முடிய முன்னம் எழுதினால் நல்லது.